போர்வை கேட்ட பிள்ளைகள்

ஏப்ரல் மாதத்து மதிய வெயிலில் பிள்ளைகள் போர்வை கேட்டார்கள்.

முதல் நாள் ஜன்னலோரத்துச் சிறுமி ஒருத்திதான் கேட்டாள். காய்ச்சலோ என்று மாரி-ரோஸ் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்; இல்லை. அடுத்த நாள் அந்த வரிசை முழுவதும் கேட்டது. சைகோன் தெருக்களில் தார் இளகிக் கிடக்க, வெளியே புளியமரங்களில் ஓர் இலைகூட அசையாமல் இருக்க, டான் சோன் நாட் விமான நிலையத்துப் பக்கம் போகும் ஹெலிகாப்டர்களின் சத்தம் மட்டும் ஜன்னல் பலகைகளை அதிரவைத்துக்கொண்டிருந்த அந்த வேளையில், உறக்கக் கூடத்தில் சின்னப் பெண்கள் கழுத்துவரை போர்த்தி, ஒரு கட்டிலில் இருவர் மூவராக ஒடுங்கிப் படுத்திருந்தார்கள். நடுவில் மட்டும் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

மாரி-ரோஸ் காரைக்காலிலிருந்து கணவனோடு வந்தவள். அவன் போன பிறகு, கன்னியர் நடத்திய அந்தப் பள்ளி விடுதியில் சின்னப் பெண்கள் பகுதியைப் பார்த்துக்கொண்டாள். வியட்நாமியப் பிள்ளைகள், பிரெஞ்சு பேசும் பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் மதாம். அங்கேயே படித்த மகள் எலெனுக்கும் மதாம்தான். ஒரு பிள்ளைக்கு மட்டும் உள்ளேயே தாய் இருக்கக் கூடாது என்பது விடுதியின் ஏற்பாடு. ஞாயிறு பிற்பகலில் மட்டும் மாரி-ரோஸ் புடவை கட்டிக்கொண்டு, பின்வாசல் வழியே தெருவுக்குப் போய், முன்வாசல் வழியே மற்றத் தாய்மார்களோடு பார்வையாளர் கூடத்துக்கு வருவாள். எலென் ஓடிவருவாள். ஒரு வாரத்து அம்மாவை எல்லாம் அன்றைக்கே கூப்பிட்டுத் தீர்த்துவிடுவாள்.

இரண்டு மாதத்துக்கு முன், வியட்நாமியப் புத்தாண்டான தெத் பண்டிகையில் நகரத்துக்குள் சண்டை புகுந்தபோது பிள்ளைகள் ஊருக்குப் போயிருந்தார்கள். எலெனுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரடங்கில் வண்டி கிடைக்கவில்லை. ஐஸ் வைத்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் தொலைபேசியில் சொன்னார். உமியில் புதைத்து வைத்திருந்த ஐஸ்கட்டிகளை உடைத்து உடைத்து மாரி-ரோஸ் அவள் உடம்பெல்லாம் வைத்தாள்.

"குளிருது மதாம்" என்றாள் எலென். கடைசி மூச்சுவரை மதாம் என்றேதான் சொன்னாள். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை.

பிள்ளைகள் போர்வை கேட்ட வாரத்துச் சனிக்கிழமை, மாரி-ரோஸ் லானைத் தனியே அழைத்து வியட்நாமிய மொழியில் விசாரித்தாள். விடுதியிலேயே சின்னவள் லான். அவள் அம்மா கான் ஹொய் துறைமுகத்தில் மீன் கூடை சுமப்பவள்.

"எதற்கு நடுவில் இடம் விடுகிறீர்கள்?"

"அக்கா வந்து படுப்பாள். அவள் உடம்பெல்லாம் ஈரம், மதாம்."

"எந்த அக்கா?"

லான் சட்டை நுனியை முறுக்கினாள். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை யாருக்கெல்லாம் அம்மா வருவாங்க என்று கேட்கிறாள். எனக்கு வருவாங்க என்று சொன்னேன்" என்றாள்.

விடுதித் தலைவி மாதலேன் புதுச்சேரிக் கன்னியாஸ்திரி, எல்லோருக்கும் மசேர். லான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஜெபமாலையை உருட்டினார்.

"திங்கக்கிழமை புள்ளைங்கள மாடிக்கு மாத்திடுறேன். கூடத்தப் பூட்டிடலாம். நீ அங்க போவாத ரோஸ்."

"எல்லாப் புள்ளைங்க கிட்டயும் வருது மசேர்" என்றாள் மாரி-ரோஸ். "எங்கிட்ட மட்டும் வரலையே."

"வந்தா அது உம் புள்ள இல்லம்மா."

மாரி-ரோஸ் தலையாட்டினாள்.

மறுநாள் மதியம், பிள்ளைகள் உறங்கிய பின், புடவை கட்டிக்கொண்டு கூடத்துக்குள் போனாள். உச்சியில் முடிந்து தொங்கிய கொசுவலைகள் மெல்ல ஆடின. மின்சாரம் போயிற்று. விசிறிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன. சலவைப் போர்வைகளின் மணத்துக்கும் பிள்ளைகளின் வியர்வைக்கும் அடியிலிருந்து வேறொரு வாசனை எழுந்து வந்தது. நனைந்த உமி.

மூச்சுச் சத்தம் கேட்டது. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக இழுத்தார்கள். ஒன்றாக விட்டார்கள்.

பிறகு வாய்கள் திறந்தன. கண்கள் திறக்கவில்லை.

"அம்மா."

தமிழே தெரியாத பிள்ளைகள். அத்தனை கட்டிலிலிருந்தும். ஒரே குரல்.

ஓடச் சொன்னது உடம்பு. அவள் ஓடவில்லை. வரிசைக்கு வரிசை தடுமாறினாள். எந்த வாய்க்குப் பதில் சொல்வது?

"வந்துட்டேன் கண்ணு. எங்க இருக்க?"

குரல் அடங்கியது. ஒரு கட்டிலில் மட்டும் அசைவு. லான்.

வாரி எடுத்தாள். சில்லிட்ட உடம்பு. சின்னக் கைகள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. காதருகே ஈரமான மூச்சு.

"இன்னிக்கி ஞாயித்துக்கெழமதானே?"

"ஆமாடி."

"அப்ப அம்மான்னு கூப்புடலாமா?"

மாரி-ரோஸுக்கு அழுகை வெடித்தது. தன் கையில் இருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். கீழே இறக்கி, கன்னத்தில் தட்டி, லான் லான் என்று எழுப்ப வேண்டும் என்பதும் தெரியும். ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டு எழுப்பலாம் என்று நினைத்தாள்.

"கூப்புடு."

கூப்பிட்டது. அவளால் எழுப்ப முடியவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள், போர்வைகளை உதறினார்கள், வெக்கை என்று ஒருத்தி முணுமுணுத்தாள். ஒருவர் பின்னால் ஒருவராகப் பார்வையாளர் கூடத்துக்கு ஓடினார்கள். மாரி-ரோஸ் கடைசியில் வந்தாள், அந்தக் கையை விடாமல்.

லானின் அம்மா முதல் பெஞ்சில் இருந்தாள். கழுவிக் கழுவியும் மீன் வாடை போகாத கைகள். மடியில் ரம்புட்டான் பழப் பை. மகளைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

பிள்ளை மாரி-ரோஸின் புடவைக்குப் பின்னால் ஒதுங்கியது. காரைக்கால் தமிழில் மெதுவாகக் கேட்டது.

"யாரும்மா இவங்க?"

மீன்காரிக்கு மொழி புரியவில்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துச் சிரித்தாள். கைகளை இன்னும் நீட்டியபடியே இருந்தாள்.

அப்போது, எல்லோரும் வெளியேறிக் காலியாகிவிட்ட உறக்கக் கூடத்திலிருந்து, தாழ்வாரம் தாண்டி, ஒரு சிறுமி வியட்நாமிய மொழியில் தன் தாயைக் கூப்பிட்டு அழும் சத்தம் வந்தது.

மீன்காரியின் சிரிப்பு நின்றது. தலை அந்தப் பக்கம் திரும்பியது.

மாரி-ரோஸ் எட்டிக் கதவைச் சாத்தினாள். இன்னொரு கைக்குள், சின்ன விரல்கள் மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தன.