கார்திமானின் விரல்

ஜாவாவில், சலாத்திகா சந்தைக்கு எதிரே இருந்த நகல் கடைக்குள் மெக்கானிக் விர்யோனோ நுழைந்தபோது மழை விட்டிருந்தது. சூடான காகித வாசனையோடு கிராம்பு சிகரெட் நெடியும் சுவரில் ஊறிக் கிடந்தது. கடைக்காரன் கார்திமான் ஊதியது அதைத்தான். அவன் இறந்து அன்றோடு நாற்பது நாள்.

"வாங்க தம்பி. மானம் போயிரும் போலிருக்கு," என்றாள் அவன் மனைவி சுமார்னி.

மாலையில் நாற்பதாம் நாள் ஓதலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை அவளே நகல் இயந்திரத்தில் சிறு புத்தகமாக அச்சடித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் கார்திமானின் படம். உள்ளே பக்கமெல்லாம் சாம்பல் பூத்து, எழுத்து வெளிறிக் கிடந்தது. ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தவனுக்கு இப்படியொரு புத்தகமா என்று சனம் சிரிக்காதா?

விர்யோனோவுக்குக் காரணம் தெரியும். முந்தின நாள் புது டோனர் தூள் என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு அவன் நிரப்பியது, இயந்திரம் வழித்துத் தள்ளிய கழிவுத்தூள். குழி மண்ணின் ஈரம் காயவில்லை, அதற்குள் இந்தத் திருட்டு! கார்திமான் இருந்தவரை இது நடக்காது. அவன் திட்டமாட்டான். அச்சடித்த தாளில் ஆள்காட்டி விரலை ஒருமுறை இழுத்து, தூள் ஒட்டிக் கறுத்த நுனியை முகத்துக்கு நேரே காட்டுவான். அவ்வளவுதான்.

"நான்தான் கண்ணாடியைச் சரியாத் தொடைக்கல போல," என்றாள் சுமார்னி.

அவன் மறுக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்திருப்பீர்கள் அண்ணி என்று வேறு சொல்லிவைத்தான். அவள் தலை குனிந்தாள். அவனுக்குச் சீ என்றிருந்தது.

அடர்த்தியைக் கூட்டினான். தாள் முழுதும் கறுத்தது. குறைத்தான். எழுத்தே போய்விட்டது. உள்ளே தூளை வாங்கித் தாளில் பதிக்கும் டிரம் உருளையைக் கழற்றித் துடைத்து மாட்டி, வெறுந்தாளை வைத்து நகல் எடுத்தான்.

குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. விரல் அகலம்.

இன்னொன்று எடுத்தான். கோடு நீண்டிருந்தது.

டிரம்மில் கீறல் இல்லை. கண்ணாடியில் தூசி இல்லை.

மூடிக்கு அடியில், கண்ணாடிமேல் ஏதோ மெல்ல இழுபட்டது. கீச்...

பிடரியில் சிகரெட் நெடி சூடாகப் பட்டது.

"அண்ணி, யாராச்சும் ஊதுறாங்களா?"

"இனி இங்க யாரு ஊதப் போறா, தம்பி," என்றாள் அவள், கண் கலங்க.

அவன் காது எரிந்தது. சந்தைக்கு ஓடி நல்ல தூள் வாங்கிவந்து, கழிவையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு நிரப்பினான். எழுத்து கன்னங்கரேலென்று வந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள், தன் தப்பைச் சரிபண்ணிக் கொடுத்தாரே என்று நன்றி சொன்னாள். வாயை மூடிக்கொண்டான்.

மாலையில் குளித்து வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு ஓதலுக்குப் போனான். தன் கைக்கோளாறைச் சரிசெய்து தம்பிதான் மானத்தைக் காப்பாற்றினார் என்று சுமார்னி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று உட்கார்ந்திருந்தான்.

புத்தகம் கைக்கு வந்தது. பிரித்தான்.

முதல் பக்கத்தின் குறுக்கே விரல் அகலத்தில் ஒரு கோடு. பக்கத்தில் இருந்த பெரியவரின் புத்தகத்தை எட்டிப் பார்த்தான். அது சுத்தமாக இருந்தது.

பெரியவர் குனிந்து கிசுகிசுத்தார். "கன்னத்துல என்னங்க, விரலால இழுத்த மாதிரி கரி?"

கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தான். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"இன்னும் இருக்கு," என்றார் அவர்.