குழிக்குள் இறங்கியவன்

வாசற்படியில் ஒரு தீர்ந்துபோன பேட்டரிக்கட்டை நின்றது. முலாஞ்சே மலையடிவாரத்தில் இரண்டு நாளாய் மழை விடவில்லை; கூரைப்புல் ஒழுகும் சத்தத்துக்கும் அடிப்பிடித்த மக்காச்சோளக் களியின் நாற்றத்துக்கும் நடுவே அந்தக் கட்டை மட்டும் காய்ந்திருந்தது. நச்சிசாலே தொட்டாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது.

பத்து வருஷமாக டார்ச்சுக்கும் ரேடியோவுக்கும் போட்டுத் தீர்ந்ததையெல்லாம் கொல்லையிலிருந்த பழைய கக்கூஸ் குழியில்தான் வீசினாள். பழைய கட்டைகளைச் சாக்கில் சேர்த்து நகரத்து ஆலைக்கு அனுப்பும் லெக்கானி வந்து வந்து சண்டை போட்டான்.

"குழிக்குக் கீழதான் ஊர்க்கிணறு. விஷம் இறங்குது. நானே இறங்கி அள்ளுறேன்."

"இறங்கு. அங்கேயே கிட."

நேற்று சாயங்காலம் இறங்கினான். மழையில் ஊறிய குழிச்சுவர் சரிந்தது. மண்ணுக்கடியிலிருந்து அவன் அலறியது கேட்டது. கொஞ்சம் புத்தி வரட்டும் என்று நின்றாள். அலறல் நின்றபோது பயம் வந்தது. மண்வெட்டியை எடுத்துக் குழியை மூடினாள்.

இப்போது வாசற்படிக் கட்டையை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டுத் திரும்பினாள். வாசலில் மூன்று நின்றன.

மத்தியானம் லெக்கானியின் மனைவி தியோங்கே வந்தாள்.

"என் புருஷன் எங்க?"

"அவனை நான் முந்தியிலயா முடிஞ்சு வச்சிருக்கேன்?"

"அவர் சாக்கு உன் கொல்லையில கிடக்குடி. ஆளுங்களோட வர்றேன். குழியைத் தோண்டாம விடமாட்டேன்."

நச்சிசாலே கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். உள்ளே துருவும் ஈரமண்ணும் கலந்த வாடை. பாய்க்கு அடியில் ஏதோ சுரண்டியது. எலி என்று நினைத்தாள். எலி மூச்சு வாங்காது.

கொல்லையில் ஆட்கள். மண்வெட்டிச் சத்தம். வெகுநேரம். பிறகு சத்தமே இல்லை.

"ஆளைக் காணோம்!" தியோங்கேயின் குரல் உடைந்தது. "கையாலேயே வளை தோண்டியிருக்காரு... வீட்டுப் பக்கமா..."

நச்சிசாலே கதவைப் பார்த்து எழுந்தாள். கதவை அங்கே தட்டுகிறார்கள். தாழ் நாலடி தூரம்.

பாய் மெதுவாக மேலெழுந்தது. தரை விண்டது. நகமில்லாத விரல்கள். ஐந்து. பத்து. அவசரமே இல்லாமல் மண்ணைத் தடவி, அவள் சேலைத்துணியின் ஓரத்தைத் தேடிப் பிடித்து, கீழே இழுக்கத் தொடங்கின.