கரு தங்கிய வாரம்

ஸ்கேன் டாக்டர் மூன்றாவது முறையாக அளந்தபோதுதான், வயிற்றின் மேல் தடவியிருந்த பசை எவ்வளவு சில்லென்று இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். ஒரே பொருளை ஒருவர் மூன்று முறை அளந்தால், வந்த அளவு அவருக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

"கடைசியா பீரியட்ஸ் எப்பன்னு சொன்னீங்க?"

சொன்னாள்.

"வழக்கம்போல வந்துச்சா? இல்ல, லேசா பட்டுட்டு நின்னுடுச்சா?"

"லேசாத்தான். அப்பதான் காய்ச்சல்ல இருந்து எழுந்திருந்தேன். அதனாலன்னு விட்டுட்டேன்."

"அது பீரியட்ஸ் இல்லம்மா. கரு ஒட்டும்போது சிலருக்கு அப்படிப் படும். நீங்க சொல்ற கணக்கவிடக் குழந்தை பெருசா இருக்கு. நீங்க நினைக்கிற மாதிரி அந்த மாசக் கடைசியில இல்ல, தொடக்கத்துலயே தங்கியிருக்கு."

"முன்ன பின்ன இருக்காதா டாக்டர்?"

"வயிறு பெருசானப்புறம் எடுத்தா இருக்கும். இவ்வளவு சின்னதுல சில நாள்தான் தப்பும். நல்லதுதானே, சீக்கிரமா கையில வாங்கிடலாம்." டாக்டர் சிரித்தபடி பசையைத் துடைக்கக் காகிதம் நீட்டினார்.

அவள் சிரிக்கவில்லை. கதவோரம் நின்றிருந்த கணவனைப் பார்க்கத் துணிவும் வரவில்லை. அவன் கப்பலில் எஞ்சின் வேலை பார்ப்பவன். அந்த மாதம் முடிகிற சமயத்தில்தான் கரைக்கே வந்தான்.

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவன் கேட்கப்போகும் கேள்விக்காகக் காத்திருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. படுதாவின் ஓரத்தில் நீர் சொட்டிச் சொட்டி அவள் புடவை முழங்கால்வரை நனைந்தது. அவன் எதுவும் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அவளிடம் மறைக்க ஒன்றுமில்லை. ஒரே ஒரு கனவு இருந்தது.

அந்த மாதத் தொடக்கத்தில் ஊரே மழையில் ஊறிக்கொண்டிருந்தது. வீட்டில் அவள் தனியாக, அனல்போல் கொதிக்கும் உடம்போடு, கரண்டும் இல்லாமல், ஓட்டில் விழும் மழையின் இரைச்சலையும் அதற்கடியில் எங்கோ ஒழுகும் நீரின் சின்னச் சத்தத்தையும் பிரித்துப் பிரித்துக் கேட்டபடி படுத்திருந்தாள். கொல்லைக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. அவன் வந்தான். பெட்டி இல்லை, செருப்பு இல்லை. உடம்பெல்லாம் நீர் வழிய, உப்பும் பாசியும் கலந்த வாடையோடு பக்கத்தில் வந்து படுத்தான். துண்டை எடுத்து நீட்டினாள், வாங்கிக்கொள்ளவில்லை. மூழ்குகிறவன் கையில் கிடைத்ததைப் பற்றுவதுபோல் அவளைப் பற்றிக்கொண்டான். அந்தக் குளிர்ச்சி காய்ச்சலுக்கு இதமாக இருந்ததுதான் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

விடிந்தபோது யாரும் இல்லை. மெத்தையில் அவன் பக்கம் மட்டும் ஊறிப்போயிருந்தது. காய்ச்சல் வேர்வை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வெயிலில் காயப்போட்டாள். காய்ந்த பிறகு மெத்தையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததை மட்டும் ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வாரமே கப்பலிலிருந்து அவன் போன் செய்தான். கண்ணாடி கடலில் விழுந்துவிட்டது, மற்றபடி நன்றாக இருப்பதாகச் சொன்னான். அப்படியானால் கனவுதான்.

வீட்டுக்குள் வந்ததும் அவன் ஈரச் சட்டையோடு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"நான் யார்கிட்டயும் போகல."

"தெரியும்."

"டாக்டர் சொன்னதக் கேட்டீங்கல்ல? அந்த வாரம் நீங்க இங்க இல்ல."

பால்காரன் வந்தானா என்று கேட்பதுபோல் அவன் கேட்டான்.

"அவன் வந்தானா?"

"யாரு?"

"நனைஞ்சிருந்தானா?"

அவள் திரும்பினாள். அவன் முகத்தில் கோபம் இல்லை. கணக்கு சரியாக வந்துவிட்டதா என்று பார்க்கிறவனின் கவனம்தான் இருந்தது.

"அந்த வாரம் உங்களுக்கு என்ன ஆச்சு?"

"தளத்துல வழுக்கி கடல்ல விழுந்துட்டேன். விடியற வரைக்கும் தண்ணிலதான். தூக்கிப் போட்டப்ப மூச்சு இல்லன்னு துணிய இழுத்து மூடிட்டாங்களாம். அப்புறம் எழுந்து உக்காந்தேன்."

"கண்ணாடி விழுந்துடுச்சுன்னு மட்டும்தான சொன்னீங்க?"

"அதுவும்தான் விழுந்துச்சு."

அவள் கையில் டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டை இருந்தது. சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று.

"அத வெறும் வயித்துல போடாத," என்றான், நாற்காலியில் இருந்தபடியே அட்டையைப் பார்த்து. "பின்னால போட்டிருக்கு பாரு."

அட்டையைத் திருப்பினாள். எறும்பு ஊர்ந்ததுபோல் பொடிப்பொடி எழுத்து. கண்ணருகே கொண்டுவந்துதான் படிக்க முடிந்தது. போட்டிருந்தது.

அவள் கணவனுக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்றே தெரியாது. சோடாபுட்டி என்று கேலி செய்துகொண்டே அவனுடைய தடித்த லென்ஸை அவள்தான் தேய்த்துக் கொடுப்பாள். இப்போதும் புதிதாக ஒன்று செய்து மேசைமேல் வைத்திருந்தாள். வந்த நாளாக அவன் அதைத் தொடக்கூட இல்லை.

கரண்ட் போனது.

அடுப்பின் நீலச் சுடர் மட்டும். மழை. ஓட்டில் ஓயாத இரைச்சல். அதற்கடியில் வேறொரு சத்தம். ஈரக்கால். கொல்லையில். ஒன்று. நின்று, இன்னொன்று.

உப்பு வாடை.

"என்னம்மா," என்றது கதவுக்கு வெளியே ஒரு குரல். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்த குரல். "கதவத் தொற. ரொம்பக் குளிருது."

நாற்காலி நகர்ந்தது. உள்ளே இருந்தவன் எழுந்து வந்து அவள் பின்னால் நின்றான். அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. இத்தனை வாரம் பக்கத்தில் படுத்தும் தான் இதைக் கவனிக்கவே இல்லையே என்று நினைத்தாள்.

"தொறக்காத," என்றான். அதே குரல். தண்ணீர் மட்டும் இல்லை.

கதவடி வழியாக நீர் உள்ளே வந்தது. பாதத்தை நனைத்தது.

"எப்ப இருந்து நிக்கிறேன். தொற."

பின்னாலிருந்து கை நீண்டு வந்தது. அவள் வயிற்றின் மேல் பதிந்தது. அழுத்தியது. தனக்கில்லாத ஒன்றைத் தேடுவதுபோல், இன்னும் அழுத்தியது. அவள் அதை விலக்கப் பார்த்தாள்.

அப்போது வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.

அசைவு தெரிகிற மாதமே இல்லை இது. ஆனாலும் புரண்டது. கதவுப் பக்கமாகத் திரும்பியது. பிறகு, உள்ளேயிருந்து அவள் தோலை உந்திக்கொண்டு, மேலே கிடந்த கையை ஒவ்வொன்றாக ஐந்து விரல்கள் தள்ளின.

நீளமான, தடித்த, ஒரு வளர்ந்த ஆணின் விரல்கள்.