கீழப் பெட்டியில் சிவப்புப் பூட்டு

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொய் சொல்லக்கூடப் பொறுமை கிடையாது, வாய் திறந்ததும் சத்தியத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பது அர்த்தநாரியின் குறை. எலப்புள்ளி மாட்டுத்தீவனக் கம்பெனியின் வாசலில் காவல் இருந்தவரிடம் அன்றும் ஒரு சத்தியம் வந்து நின்றது.

"சாமி சத்தியமா பாண்டி சொன்ன பொட்டியத்தான் பூட்டுனேனுங்க, மாமா," என்றான் தங்கை மகன் தனபால், புதிதாகச் சேர்ந்த எலெக்ட்ரீஷியன். "சாயங்காலம் வேலைய விட்டு நிறுத்தறேன்னுட்டாருங்க மேனேஜர்."

முந்தின நாள் ஓடிக்கொண்டிருந்த மிக்சர், கரண்ட் போனதும் நின்றுவிட்டது. அடைப்பை எடுக்க மறையூர்க்காரன் பாண்டீஸ்வரன் தொட்டிக்குள் இறங்க வேண்டும். தனபால் அவன் சொன்ன பெட்டியின் சுவிட்சைப் பூட்டி, 'ஆள் உள்ளே' அட்டையைத் தொங்கவிட்டு, பட்டனையும் அமுக்கிப் பார்த்தான். ஓடவில்லை; பாண்டீஸ்வரன் இறங்கினான். பிறகு கரண்ட் வந்தது, மிக்சர் சுற்றியது. பாண்டீஸ்வரன் வெளியே பாய்ந்ததால் பிழைத்தான். பூட்டு வேறு பெட்டியில் தொங்கியது.

"நான் சரியாத்தான் சொன்னேன். அவன் பொய் சொல்லுதான்," என்று பாண்டீஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நேற்றுவரை ஒரே தூக்கில் சோறு தின்றவர்கள்.

கேண்டீனில் சமைக்கும் ராசம்மாள் கரண்டியோடு கணவர் அர்த்தநாரியின் பின்னால் ஓடிவந்தாள். "ஏனுங்க, எனக்கு மேனேஜரு மேலதான் சந்தேகம்!"

"கொழம்புல உப்பு மேல ஒரு நாளாச்சும் சந்தேகப்பட்டிருக்கியா?"

மிக்சர் அறையின் தெற்குச் சுவரில் இரண்டு சுவிட்சுப் பெட்டிகள். கிழக்கோரத்தில் இருப்பது தலைக்கு மேலே, மேற்கோரத்தில் இருப்பது இடுப்பளவில். பெயரெழுத்தைத் தவிட்டுப் பொடி மூடியிருந்தது. சிவப்புப் பூட்டு இடுப்பளவுப் பெட்டியில்.

"பாண்டி, உன்ற சட்டை எங்கே?"

"கீழ செவுத்து ஆணியில கெடக்கு, ஐயா."

அர்த்தநாரி பார்த்தார். ஆணி கிழக்குச் சுவரில், அவர் கைக்கே எட்டாத உயரத்தில் இருந்தது. மேனேஜர் ஜிதினைக் கூப்பிடச் சொன்னார்.

எல்லோரும் வந்ததும், "தனபாலு, உங்கிட்ட எதைப் பூட்டச் சொன்னான்?" என்றார்.

"கீழ பொட்டியைங்க." கையைத் தாழ்த்தி இடுப்பளவுப் பெட்டியைத் தொட்டான்.

"நீ காட்டு, பாண்டி."

பாண்டீஸ்வரன் கையை உயர்த்தினான், கிழக்கே. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவங்க ஊட்டுல கெழக்கக் கீழன்னுவாங்க. நம்முளுக்குக் கீழன்னா அடியில. அந்தச் சட்டை ஆணி சொல்லிக் குடுத்துருச்சு."

"பட்டன் அமுக்கிப் பார்த்ததல்லே?" என்றார் ஜிதின்.

"கரண்டே இல்லாதப்ப அமுக்குனா? செத்த மாட்டைக் கறந்துபோட்டு, வத்திப்போச்சுங்கற மாதிரி!"

ஜிதின் தலையைச் சொறிந்தார். தனபாலின் வேலை போகாது. இனிமேல் இறங்குகிறவனே பெட்டியைக் கையால் தொட்டுக் காட்டித் தன் பூட்டையும் போட வேண்டும், பூட்டிய பிறகு, கரண்ட் இருக்கும்போது பட்டனை அமுக்கிப் பார்க்காமல் இறங்கவே கூடாது என்றார்.

"பொய்யின்னுட்டேன், மாப்ள," என்றான் பாண்டீஸ்வரன்.

"போடா, உன்னையக் கொன்னிருப்பனே!" தனபால் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

ராசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாருங்க, ரெண்டு பேருமே நெசந்தான் பேசியிருக்காங்க!"

"ஒரே நாள்ல ரெண்டு பேரா? இருக்காது புள்ள."

அர்த்தநாரி சிவப்புப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. இன்னொரு முறையும் இழுத்துவிட்டு, முணுமுணுத்தபடி வாசலுக்கு நடந்தார்.