முழங்கால் ஆழம்

வறண்ட கழனியில் சென்னம்மா சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

சித்திரை வெயில். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, மருந்துக்கும் ஈரம் இல்லை. ஆனாலும் அவள் ஒவ்வொரு காலையும் துழாவி வைத்து, அடுத்த அடி எங்கே வழுக்குமோ என்று பயந்தவள்போல வந்து வாசலில் ஏறினாள். ஏறியதும் சேலையை இறக்கி, அதன் ஓரத்தைச் சுருட்டிப் பிழிந்தாள். காய்ந்த துணியில் பிழிய என்ன இருக்கிறது?

"இன்னாடி இது கூத்து?" என்றாள் சுலோசனா.

"ஒண்ணுமில்லம்மா. பழக்கம்." சென்னம்மா முகத்தைப் பார்க்காமல் உலக்கையை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் இருளர் பெண். நெல் குத்த வருகிறவள். வீட்டுக்காரர்கள் குடிவந்த நாளாக ஒழுங்காகத்தான் வந்து போய்க்கொண்டிருந்தாள், இந்த நடையைச் சுலோசனா அன்றைக்குத்தான் பார்த்தாள். பார்த்ததும் முனிரத்தினத்தின் நினைப்பு வந்தது.

முனிரத்தினம் சுலோசனாவின் புருஷன் நாகேந்திரனுக்குப் பங்காளி. சத்தியவேட்டிலிருந்து தடா போகிற பாதைக்குத் தெற்கே கிடந்த இந்தப் பள்ளக்கழனிக்கு அவனும் ஆசைப்பட்டான். எல்லைத் தகராறு முடிவுக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. திருத்தணி மதராசுக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று ஊரெல்லாம் பேச்சு. சர்வேக்காரர்கள் சங்கிலி பிடித்து அளந்து கல் நட்டார்கள். மேட்டில் குடிசை போட்டிருந்த இருளர்கள் மட்டும் ஓடிவந்து, "வேற எங்க வேணா அளங்க சாமி, இந்தப் பள்ளத்த அளக்காதீங்க" என்று காலில் விழுந்தார்களாம். யார் கேட்டார்கள்? அளந்த சூட்டோடு நாகேந்திரன் பட்டா வாங்கி, கிணறு வெட்டி, ஓட்டு வீடும் கட்டிவிட்டான். கிணற்றின் அடியில் கூடை கூடையாகக் கிளிஞ்சல் வந்தது. கடல் இருப்பதோ கிழக்கே பல மைலுக்கு அப்பால். நாகேந்திரன் சிரித்துக்கொண்டே அதைச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பிவைத்தான்.

பயம் காட்டி ஓட்டப் பார்க்கிறான் முனிரத்தினம். அதற்கு இந்தப் பொம்பளை கைக்கூலி. சுலோசனா அப்படித்தான் முடிவு கட்டினாள்.

அடுத்த முறை சென்னம்மா இடுப்புவரை சேலையை வாரிச் செருகிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த முறை துணி மூட்டை தலைமேல் இருந்தது. இரண்டு கைகளும் தோளுக்கு மேலே. முகவாயை உயர்த்திக்கொண்டு, வெடித்த மண்ணில், கொளுத்துகிற வெயிலில், மெல்ல மெல்ல வந்தாள். வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"முனிரத்தினம் இன்னா குடுத்தான் ஒனக்கு?"

சென்னம்மா புரியாமல் விழித்தாள். "நாளையிலேர்ந்து வர முடியாதும்மா. எனக்கு நீச்சல் தெரியாது" என்றாள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சுலோசனா வீட்டையே உளவு பார்க்கத் தொடங்கினாள். விடிகாலையில் அழுகின பாசி நாற்றம் அடித்தது. எவனோ கொண்டுவந்து கொட்டியிருக்கிறான் என்று வேலியெல்லாம் தேடினாள், ஒன்றும் இல்லை. கோழிகள் ஓட்டின் மேல் ஏறிக்கொண்டு, தானியம் இறைத்துக் கூப்பிட்டாலும் இறங்க மறுத்தன. அடுப்புப் புகை மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, நெளிந்து, மையைத் தண்ணீரில் விட்டதுபோலச் சுருண்டு சுருண்டு கலைந்தது. மத்தியானத்தில் அவளே நெல் குத்தினால் உலக்கைச் சத்தம் மொத்தையாக, பக்கத்து ஊரிலிருந்து கேட்பதுபோலக் கேட்டது. காதை விரலால் குடைந்துகொண்டாள். காது அடைத்தேதான் இருந்தது.

நாகேந்திரனிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே, "முனிரத்தினம் காளஸ்தி போயி ஒரு மாசம் ஆவுது. இன்னும் திரும்பல. நீ இன்னாத்துக்குப் போட்டுக் கொழப்பிக்கினு கீற?" என்றான்.

அவன் கைகழுவ எழுந்தான். நடை தாண்டி வாசலில் இறங்கும்போது வேட்டியை இரண்டு கையாலும் முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டான்.

சுலோசனா பின்னாலேயே போனாள்.

"எதுக்கு வேட்டியத் தூக்கினீங்க?"

"எங்க தூக்கினேன்?"

"இப்போ. இந்தா, இன்னும் புடிச்சிக்கினு கீறீங்களே!"

அவன் தன் கைகளைக் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டுச் சட்டென்று விட்டான். இறங்கிக் கைகழுவப் போய்விட்டான். அப்படி நழுவியதுதான் அவளை உறுத்தியது. இவரும் அவர்களோடு சேர்ந்துவிட்டாரா? என்னிடம் எதை மறைக்கிறார்? அன்றிலிருந்து புருஷனையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் பேச்சுக் குறைந்துபோயிற்று. முற்றத்தில் மேலே அண்ணாந்து பார்த்தபடி நெடுநேரம் நிற்பான். கூப்பிட்டால் திரும்புவதற்கு அத்தனை நேரம் எடுத்தது அவனுக்கு.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம். விளக்கேற்றினாள். திரியின் சுடர் நிமிராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு மறுபக்கம். காற்றே இல்லை. உதட்டை நக்கினாள். உப்புக் கரித்தது.

இனிமேல் பொறுப்பதற்கில்லை. அந்தச் சென்னம்மாவைக் கொண்டையைப் பிடித்து உலுக்கியாவது உண்மையைக் கேட்டுவிடுவது என்று கிளம்பினாள். முற்றத்தில் நின்றிருந்த நாகேந்திரனிடம், "மேட்டுக்குப் போய் வரேன்" என்றாள். அவன் தலையை மெல்ல ஆட்டினான்.

கழனி முந்நூறு கெஜம்கூட இருக்காது. பாதி தாண்டுவதற்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. கால்கள் கனத்தன. மார்பில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. ஓடப் பார்த்தாள், முடியவில்லை. மேட்டுச் சரிவைக் கையால் பற்றி ஏறினாள். ஏறி முடித்ததும் வாய் தானாகப் பிளந்து காற்றை உறிஞ்சியது. இருமினாள். மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தண்ணீர் கொட்டியது.

கறுப்புத் தண்ணீர். உப்பு.

சென்னம்மா ஓடிவந்து முதுகைத் தடவினாள். "ஏறிட்டியாம்மா. ஏறிட்ட. அது போதும்."

"இன்னாடி செஞ்சீங்க? இன்னா வெச்சீங்க எங்க ஊட்டுல?"

"நாங்க ஒண்ணும் வெக்கல. அந்த எடம் தண்ணியோடதும்மா. எங்க பாட்டுல கீது. அந்தக் காலத்துல கடல் இங்கதான் குந்தியிருந்துச்சாம். அப்பறம் எழுந்து கெழக்கால போச்சாம். போனது ஒருநாள் வந்துச்சு. எங்க சனம் இந்த மேட்டுக்கு ஓடியாந்துச்சு. பாதி சனம் ஏறிச்சு." சென்னம்மா நிறுத்தினாள். "பாதி ஏறல. அதனாலதான் அந்தப் பள்ளத்துக்கு நாங்க பேரு வெக்கல, அளக்கல. பேரு வெச்சா, அளந்தா, தன்னக் கூப்புடறாங்கன்னு கடலு நெனச்சிக்கும்."

"எங்க ஊட்டுக்காரரு அங்க கீறாருடி."

"திரும்பிப் பாக்காதம்மா."

சுலோசனா திரும்பினாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. பள்ளத்தில் அவர்கள் வீடு தெரிந்தது. உள்ளே விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. முற்றத்தில் நாகேந்திரன் நின்றிருந்தான். அவன் துண்டு தோளிலிருந்து மெல்ல எழுந்து, விரிந்து, மேலே போயிற்று. தலைமயிர் நேராக நின்று அலைந்தது. கைகள் உயர்ந்திருந்தன.

கையை ஆட்டுகிறார். கூப்பிடுகிறார்.

"ஏங்க!" என்று கத்தினாள். "ஏங்க, இங்க வாங்க!"

அவன் வாயும் திறந்தது. சத்தம் வரவில்லை. அவன் கால்களைப் பார்த்தாள்.

கால்களுக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம் வெறுமை.

அப்போதுதான் அவனுக்குப் பின்னால் பார்த்தாள். கழனி முழுக்க. கிணற்றடியில், வேலியோரம், நட்ட கற்களுக்கு நடுவே, அவள் இப்போதுதான் நடந்து வந்த வழி நெடுக. ஆண்கள், பெண்கள், இடுப்பில் குழந்தையோடு சிலர். எல்லோருக்கும் கைகள் மேலே. எல்லாக் கைகளும் பாசிபோல மெதுவாகக் கிழக்கே சாய்ந்தன.

பிறகு ஒரே நேரத்தில், மேட்டின் பக்கமாக, அவளை நோக்கிச் சாய்ந்தன.