துளி இல்லாத பிம்பம்

சங்கரபாண்டியன் அன்றைக்கு ஏழாவது ஆள். முதல் ஆறு பேரும் தலைவலி, நிறம் மங்கல், கண்ணுக்குள் எறும்பு ஊர்கிறது என்று வழக்கமான பாட்டைப் பாடிவிட்டுப் போயிருந்தார்கள். திருநெல்வேலி செயற்கைக் கண் மையத்தின் பிம்பப் பிரிவில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டும் தெய்வானைக்கு, எட்டாவதாக யாரும் வராமலிருந்தால் போதும் என்றிருந்தது.

"என்ன செய்யுது அண்ணாச்சி?"

"ஒண்ணும் செய்யல. ஒரு விஷயம் கேக்கணும். இந்தக் கண்ணு பொய் சொல்லுமா?"

அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். கல்யாணமாகிப் போன மகள் இசக்கிப்பிரியா இரண்டு தடவை திரும்பி வந்து நின்றாளாம்.

"மூஞ்சியப் பாத்தேன். சாதாரணமாத்தான் நின்னா. ஏதோ மனத்தாங்கல்னு ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பிட்டேன். எம் பொஞ்சாதி என்னடான்னா, 'புள்ள கண்ணீர் விட்டுட்டு நிக்கா, நீங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க'ன்னு ஏசுதா. இப்ப மூணாந்தடவை வந்திருக்கா. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை கூட்டிட்டுப் போக வாராரு. அதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

தெய்வானை பெருமூச்சு விட்டுத் திரையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

செயற்கைக் கண்ணுக்குள் அரிசி அளவு வரைகலைச் செயலி ஒன்று உட்கார்ந்து, எதிரே இருப்பதை நொடிக்கு நூறு முறை வரைந்து மூளைக்கு அனுப்புகிறது. அதை ஓட்டும் இயக்கி நிரல், 'கலன்' என்கிற மூடிய மென்பொருள் பெட்டிக்குள் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால், அந்த இயக்கியில் யாருக்கும் உதவாமல் கிடந்த பழைய நிரல் துண்டு ஒன்றின் வழியாகப் பாவிகள் சிலர் உள்ளே புகுந்து, ஒரே காலையில் நானூறு பேருக்குச் சிவப்பு விளக்கைப் பச்சையாகக் காட்டினார்கள். பதினேழு பேர் வீடு திரும்பவில்லை. அன்றிலிருந்து, தேவையில்லாத ஒரு வரிகூடக் கலனுக்குள் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது.

கலனுக்குள் ஏற்றும் நிரல் தொகுப்புக்குப் பிம்பம் என்று பெயர்; அப்படிப் பிறந்ததுதான் ஒல்லிப் பிம்பம். 'சீவி' என்ற நிரல், அதற்குப் பின் கண் பொருத்திக்கொண்ட முதல் நூறு பேரை மையத்தின் கூடத்தில் வைத்து நாற்பது நாள் கவனித்து, பயன்படாத எல்லாவற்றையும் சீவித் தள்ளியது. மிச்சத்தை முத்திரையிட்டு எல்லோருக்கும் பொருத்தினார்கள். உள்ளே நுழையத் திருடனுக்கும் வாசல் இல்லை, தெய்வானைக்கும் இல்லை. அவளுக்கும் செயற்கைக் கண்தான்; மூன்று வருடமாக அதிலும் இதுதான் ஓடுகிறது.

சீவியெறிந்தவற்றின் பட்டியலில் தேடினாள். அகப்பட்டது. 'துளி: தோல்மேல் நிற்கும், வழியும் சிறு நீர்த்துளிகளை வரைவது. நாற்பது நாள் பயன்பாடு: சுழியம்.'

அது எப்படிச் சுழியம் ஆகும்? அந்த நூறு பேரும் குளிரூட்டிய கூடத்தில் இருந்ததால் வேர்வை இல்லை. சரி, கண்ணீர்?

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கூடத்தின் வாசலில் நின்று, பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அவளேதான் சொன்னாள்: "புதுக் கண்ணு வச்சிருக்காங்க, அவங்க முன்னால யாரும் அழுதுறாதீங்க." சொல்லாவிட்டாலும் நம் ஜனங்கள் நோயாளி முன்னால் அழமாட்டார்கள். வராந்தாவில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி உள்ளே போனார்கள். நூறு குடும்பத்தில் ஒருவர்கூட உள்ளே அழவில்லை. உலகத்தில் கண்ணீரே கிடையாது என்று சீவி முடிவு கட்டிவிட்டது.

இந்த ஊர் வெயிலில் மூன்று வருடமாக வேர்த்த முகம் ஒன்றைக்கூடத் தான் பார்க்கவில்லை என்பது தெய்வானைக்கு இப்போதுதான் உறைத்தது.

"பொய் சொல்லல அண்ணாச்சி. முழுசாச் சொல்லல. நாளைக்கு மகளைக் கூட்டிட்டு வாங்க."

சோதனை அறையில் மட்டும், வெளித்தொடர்பைத் துண்டித்துவிட்டு, சீவாத முழுப் பிம்பத்தைப் பத்து நிமிடம் ஓட்டலாம். மறுநாள் இசக்கிப்பிரியா அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். தெய்வானை அவர் கண்ணில் மட்டும் பிம்பத்தை மாற்றினாள். அவள் பார்வைக்கு அந்தப் பெண்ணின் முகம் காய்ந்துதான் இருந்தது. ஆனால் சங்கரபாண்டியன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எப்பலேர்ந்து இப்படி அழுதுட்டு இருக்க?"

"பஸ்ஸ விட்டு எறங்குனதுலேர்ந்து. ரெண்டு தடவையும் இப்படித்தான்ப்பா நின்னேன். இதப் பாத்துட்டுத்தான் போகச் சொல்லுதீங்கன்னு நெனச்சேன். அதுக்குமேல வாயத் தொறந்து என்ன சொல்ல?"

அவர் மகளின் கன்னத்தைத் துண்டால் துடைத்தார். பிறகு, "வெள்ளிக்கிழமை அவன் வரட்டும். நான் பேசிக்கிடுதேன். நீ எங்கயும் போக வேண்டாம்" என்றார்.

தெய்வானைக்கு மனசு லேசானது. விண்ணப்பத்தை நீட்டினாள். இணையத்தை நம்பாத சட்டம் என்பதால் காகிதமும் மைப் பேனாவும்தான். பயனாளர் ஒருவர் 'எனக்கு இது தேவை' என்று கையெழுத்திட்டால் போதும், துளி எல்லோர் பிம்பத்துக்கும் திரும்ப வந்துவிடும்.

அவர் படித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது வேண்டாம்மா."

"இது இல்லாமத்தானே அண்ணாச்சி இவ்வளவும்?"

"தெரியும். பத்து நிமிசம் பாத்ததே தாங்கல. நான் அனுப்பி வச்ச பாவத்துக்கு இவ இன்னும் எத்தனை நாள் அழுவாளோ. அம்புட்டையும் பாத்துட்டு வீட்டுல என்னால உக்காந்திருக்க முடியாது. இனிமே இவ சொல்லட்டும், கேட்டுக்கிடுதேன்."

அவர் 'வேண்டாம்' என்ற கட்டத்தில் குனிந்து கையெழுத்துப் போட்டார். போட்ட எழுத்து தெய்வானையின் கண்ணெதிரே தானாகக் கரைந்து பரவியது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

அவர்கள் போன பிறகு இன்னொரு விண்ணப்பத்தை எடுத்தாள். பயனாளர் ஒருவர் போதும், அவளும் பயனாளர்தான். பேனா மூடியைக் கழற்றினாள். வேலை போன பிறகும் முகம் வாடாத கணவர் ஞாபகம் வந்தது. விடுதியிலிருந்து தினமும் முகம் காட்டி, "நல்லா இருக்கேம்மா" என்கிற மகள் ஞாபகம் வந்தது. மூன்று வருடமாக எங்கள் வீட்டில் ஒருத்தர்கூட அழுததில்லை என்று தங்கையிடம் பெருமை பேசியிருக்கிறாள்.

வெற்று விண்ணப்பத்தை இழுப்பறைக்குள் போட்டாள். கோப்பைத் திறந்து, 'தேவை என்று எந்தப் பயனாளரும் கோரவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.