குரல் கனியும் இடம்

ஐப்பசி பிறந்ததும் கரூரில் வீடுகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். வெயிலைக் குறைக்கிறேன் என்று வானத்தில் கதிர்த்திரை விரித்தார்கள். அது அளவு மீறிப்போய், மார்கழியில் காவிரி ஓரங்களில் உறைய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு சுவர்த்தோல் ஒட்டாத வீடு ஊரில் கிடையாது. அது உயிருள்ள பொருள். செங்கல்மேல் பாசி மாதிரிப் படர்ந்து, கஞ்சி குடித்துத் தடித்து, கார்த்திகைக்குள் ரோமம் விட்டுவிடும். குளிர் முடியும்வரை தன் உடம்புச் சூட்டை வீட்டுக்குள் கொடுக்கும்.

பொன்னுரங்கம் வீட்டுச் சுவர்களுக்குக் கஞ்சி ஊற்றியது அவர் மனைவி வசந்தமணிதான். அவள் வாளியோடு ஏணியில் நிற்க, அவர் கீழே நின்றுகொண்டு அடுத்த வீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அவன் சுவரைப் பாரு, சொறி புடிச்ச ஆடாட்டம். நம்முளுது முதல் தரம்."

"அவங்க வீட்ல எல்லாருமே குரல் பதிஞ்சிருக்காங்களாமுங்க. எங்குரலையும் பதிஞ்சுக்கலாமுங்களா?"

"வீடு எம்பேர்ல இருக்குது. சுவரு எம்பேச்சக் கேட்டாப் போதும். நீ ஒழுங்கா ஊத்து."

இந்தக் குரல் பதிவில் ஒரு சூட்சுமம் உண்டு. சுவர்த்தோலால் வீடு முழுவதையும் சூடாக்க முடியாது. எங்கே என்று அது தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதனால் பதிந்த குரலை ஐப்பசி முழுக்கக் காது கொடுத்துக் கேட்கும். அந்தக் குரல் எங்கெல்லாம் கனிகிறதோ, அங்கெல்லாம் ரோமம் வளர்க்கும். பிறகு அதே இடத்தில் குரல் கனியும்போதெல்லாம் சூடு விடும். ஒரு நாள் பொழுதுக்குத் தாங்கும். மனிதன் தனக்கு வேண்டியவர்களோடுதான் அன்பாகப் பேசுவான் என்பது இதைக் கண்டுபிடித்தவர்களின் கணக்கு. அவர்களில் ஒருவருக்கும் கல்யாணம் ஆகியிருக்காது என்பது வசந்தமணியின் அபிப்பிராயம்.

புருஷன்மேல் அவளுக்கு மரியாதை என்று எதுவும் மிச்சம் இல்லை. வெளியாள் வந்தால் அவர் வாயில் தேன் ஒழுகும். வந்தவர் படி இறங்கியதும் "காப்பியில சக்கரை போட்டியா, மண்ணைப் போட்டியா?" என்று பாய்வார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவில் வீட்டு ஆட்கள் உட்கார்ந்தால் பொறுக்காது. இப்படிப்பட்ட ஆளுக்கு ஊருக்குள் தங்கமான மனுஷர் என்று பெயர். அதை நினைத்து அவள் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

மார்கழியில் மகள் மிதுனா பச்சைக் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தாய் வீட்டுக்கு வந்தாள். கூடவே மாப்பிள்ளையும் வந்தார். "வாங்க மாப்பிள்ளை, சாஞ்சு உக்காருங்க மாப்பிள்ளை" என்று பொன்னுரங்கம் உருகியதும் முன்கூடத்துச் சுவர்கள் சிலிர்த்து அனல் விட்டன. மாப்பிள்ளை ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டார். அவர் இருந்தவரை குழந்தை கூடத்துத் தொட்டிலில் நிம்மதியாகத் தூங்கியது.

அவர் வேலைக்குத் திரும்பிப் போன மறுநாளே கூடம் சில்லிட்டுவிட்டது. படுக்கையறைச் சுவரைத் தொட்டால் வழுக்கை, பேருக்கு ஒரு முடி இல்லை. சமையலறை அதைவிட மோசம். அடுப்பு மூட்டிக் குளிர்காயவும் வழியில்லை. புகையால் வெயில் ஏறுகிறது என்று பயந்துதான் வானத்துக்கே திரை போட்டார்கள், வீட்டில் புகை விட்டால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. வசந்தமணி உடனே சுவர்த்தோல் விற்ற கடைக்குப் போன் போட்டாள்.

"ரோமம் இருக்கற எடத்துல சாரை உக்காந்து அன்பாப் பேசச் சொல்லுங்க மேடம். வந்துரும்" என்றான் கடைக்காரன்.

பொன்னுரங்கம் கூடத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"மிதுனா, குழந்தை நல்லாத் தூங்குச்சா?"

சுவர் அசையவில்லை. மிதுனா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா இப்படிக் கேட்டு அவளுக்குப் பழக்கம் இல்லை.

"கேக்கறேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

இருந்த ரோமமும் படிந்துவிட்டது. அவர் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். "பையனாப் பொறந்திருந்தா இந்தக் குளுருக்கெல்லாம் தாங்கியிருப்பான்" என்றார்.

வசந்தமணி அதற்குமேல் காத்திருக்கவில்லை. குழந்தையைத் தன் புடவைக்குள் அணைத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள். பக்கத்துச் சந்தில் தங்கள் கார் ஷெட்டைத் தாண்டும்போது கதவிடுக்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று காலில் பட்டது. கதவைத் திறந்தாள். தரையிலிருந்து கூரைவரை கருகருவென்று ரோமம், கைவிட்டால் முழங்கைவரை புதைந்தது. நடுவில் பொன்னுரங்கத்தின் கார் பளபளவென்று நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. தினமும் விடிந்ததும் அவர் அதைத் துடைத்துக்கொண்டே, "ஏங்கண்ணு, ராத்திரி குளுருச்சா? கீறல் ஒண்ணும் படலையே சாமி?" என்று கொஞ்சுவது அவளுக்குச் சமையலறைவரை கேட்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்கு அந்த மாதிரி ஒரு வார்த்தை வந்ததில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள், அருவருப்புதான் வந்தது. காருக்குப் பக்கத்திலேயே தொட்டிலைக் கட்டினாள். அதுமுதல் கார் துடைக்கும் துணியைத் தினமும் அவளே அலசி அவர் கையில் கொடுத்தாள்.

தை பிறந்து சம்பந்தி வீட்டார் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் கண்ணில் படட்டும் என்று பொன்னுரங்கம் விடியும் முன்பே காரை வெளியே எடுத்துத் தெருவில் நிறுத்தியிருந்தார். அவசரத்தில் துடைக்கவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. அவர்களை வரவேற்றுக் கூடத்தில் உட்காரவைத்து, சுவர் அனல் விட்டதும், "பாப்பாவை இங்க தூக்கிட்டு வா" என்று வசந்தமணியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க ஊருக்குப் போனா நாளைக்கே இந்தக் கூடம் சில்லிட்டுருமுங்க சம்பந்தி. பாப்பா கார் ஷெட்ல இருக்குது, வாங்க" என்று அவள் எல்லோரையும் சந்து வழியாகக் கூட்டிப் போனாள்.

ஷெட் குளிர ஆரம்பித்திருந்தது. மிதுனா குழந்தையைக் கம்பளியில் சுற்றி மார்போடு இறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே வந்த பொன்னுரங்கம், "மானத்த வாங்கறியா?" என்று சீறினார்.

"காரை உள்ள கொண்டாங்க" என்றாள் வசந்தமணி. "கொண்டாந்து, தெனமும் பேசற மாதிரி பேசுங்க. பாப்பாவுக்குக் குளுருது."

அவர் சம்பந்தியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கடைசியில் போய்க் காரை ஓட்டி வந்தார். பானெட்மேல் புழுதி படிந்திருந்தது. அதைக் கண்டதும் அவருக்குச் சபை மறந்துவிட்டது. மேல்துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "ஏங்கண்ணு, தெருப் புழுதியில விட்டுட்டனே" என்றார். சுவர் முழுக்க ரோமம் எழுந்து நின்றது. சூடு பரவியது. குழந்தை கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே நீட்டியது.

 சம்பந்தியம்மா தனபாக்கியம் ஒரு முக்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தாள். தன் வீட்டுக்காரர் காதில் விழாதபடி வசந்தமணியின் பக்கம் சாய்ந்தாள்.

"எங்க வீட்ல சூடு விடறது பீரோ இருக்கற ரூமுங்க" என்றாள். "தெனமும் தெறந்து பாத்து என்னமோ கொஞ்சுவாரு. ரெண்டு வருசமா நானு அந்த பீரோவுக்கு முதுகைக் குடுத்துத்தான் தூங்கறேன்."